நாளொரு படம்

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில், நாள்தோறும் ஒரே ஓர் ஒளிப்படம் எடுப்பதென உறுதிபூண்டேன். அண்ணன் தந்த பழைய கைப்பேசியே என் கருவி. விதிகள் இரண்டு: ஒரு நாளும் தவறக்கூடாது, முந்தைய நாளின் படத்தைப் போன்று மறுநாள் படம் அமையக்கூடாது.

அது சாரல் காலம். குற்றாலத்தில் வாழ்பவனுக்குக் காட்சிக்கா பஞ்சம்? பேரருவியின் நீர் நேரே தரைக்கு வருவதில்லை; பாறைகளுக்கிடையே உள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. ஒளியைக் கருவிக்குள் விடும் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஒவ்வொரு துளியும் முத்தாக அந்தரத்தில் நின்றது. கைப்பேசியைப் பாறைமேல் அசையாது வைத்து அரை நொடியாக நீட்டினால், அதே அருவி காயப்போட்ட வெள்ளை வேட்டியாய்த் தொங்கியது. ஐந்தருவி, சித்திரசபைத் தெப்பக்குளம், சிதைந்து கிடந்து மீண்டும் எழுப்பப்பெற்று 1990இல் குடமுழுக்குக் கண்ட தென்காசிக் கோபுரம் என நாளொரு படம் சேர்ந்தது. நண்பர்கள் பாராட்டினர்.

ஒன்றை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. என் தந்தை அருவிக்கரையில் குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி. கருவியைத் தூக்கும்போதெல்லாம், அவரும் அவருடைய எண்ணெய்ப் புட்டிகளும் படத்தில் விழாதவாறு நான் சற்றே விலகி நின்றுகொள்வேன். வகுப்புத் தோழர்கள் பார்க்கும் படங்கள் அல்லவா?

மாசி கடந்தது. அருவி மெலிந்து, பங்குனி வெயிலில் வெறும் பாறையாயிற்று. "இனி எடுக்க ஒன்றுமில்லை, ஐயா" என்று தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டனைப் பற்றிச் சொன்னார். அவர் 1979 மார்ச் 31 முதல் நாளுக்கு ஒரு படம் எடுத்தவர். உடனுக்குடன் படம் தரும் போலராய்டு கேமராவே அவர் கருவி. நண்பர்கள், உணவு மேசை, தெரு என அன்றாடம் கண்ணில் பட்டவையே அவருடைய படங்கள். புற்றுநோயுற்று மருத்துவமனையில் கிடந்த நாள்களும் அவற்றுள் அடங்கும். 1997 அக்டோபர் 25 அன்று அவர் இறந்தார். அந்த நாளுக்கும் ஒரு படம் உண்டு. "நெல்லையில் பிறந்த மா. கிருஷ்ணன், யானைகளைப் படமெடுத்தார். காகத்தைப் பற்றியும் கருத்தோடு எழுதினார். அருகில் இருப்பதைப் பார்க்கத் தனிப்பயிற்சி வேண்டும், தம்பி" என்றார் ஆசிரியர்.

அன்று மாலை தந்தை திண்ணையில் அமர்ந்திருந்தார். சாரல் இல்லாத மாதங்களில் கிடைத்த கூலிவேலைக்குச் செல்வார். அன்று அதுவும் இல்லை. "அப்பா, உங்கள ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றேன்.

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "தண்ணி விழுறப்ப நான் அங்கனதான நின்னேன். அப்ப எடுக்கலியே, ஏன்?"

கோபமில்லாத அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நான் விலகி நின்ற ஒவ்வொரு முறையும் அவர் கவனித்திருக்கிறார். தலைகுனிந்து நின்றேன். அவர் தம் இரு கைகளையும் விரித்து மடிமீது வைத்துக்கொண்டு, "சரி, எடு" என்றார். சாய்ந்த வெயில் உள்ளங்கைகளில் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய தோல், தேய்ந்து மழமழத்த விரல் நுனிகள். என் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் அந்தக் கைகளிலிருந்து வந்தவை. அன்றைய படம் அதுதான்.

மறுநாள் அதனை வகுப்பில் காட்டினேன். "யாருடைய கைகள்?" என்று தோழன் ஒருவன் கேட்டான். "என் அப்பாவின் கைகள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்" என்றேன். சொல்லி முடித்தபோது, பத்து மாதங்களாகச் சுமந்த ஏதோ ஒன்று இறங்கியது.

அடுத்த ஜூனில் மீண்டும் சாரல் தொடங்கியது. பேரருவியின் முன் கருவியைத் தூக்கினேன். இடப்பக்க ஓரத்தில் எண்ணெய்ப் புட்டிகளும் அவற்றின் அருகே தந்தையும் தெரிந்தனர். இம்முறை நான் விலகி நிற்கவில்லை.