முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

காபி நன்றாக இல்லையென்றால் முதலில் பொடியைக் குறை சொல்வோம், பிறகு பாலை. தண்ணீரை யாரும் கேட்பதே இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் வாழ்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைத்தான். வேலைக்குப் போகத் தொடங்கி, தனியாக அறை எடுத்து, சொந்தமாக அடுப்பு பற்றவைக்கும் வயதில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதை விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குடித்துப் பார்த்து, கவனித்து முடிவு செய்யுங்கள். அதற்குக் காபியைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. செலவு கொஞ்சம், பாடமும் தேர்வும் தினமும் உண்டு.

ஒரே பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் போர் தண்ணீரில் டிகாக்‌ஷன் போடுங்கள். மறுநாள் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் போடுங்கள். மேட்டூரிலிருந்து நம் மாவட்டத்துக்கு வருகிற அந்தத் தண்ணீரில் காபியின் மணம் எழும்பும். போர் தண்ணீரில் மணம் அமுங்கி, நாக்கில் ஒரு கரிப்பு தங்கும். காபிக் கொட்டைக்கு இயல்பாகவே மெல்லிய புளிப்பு உண்டு. சுவையைத் தூக்கிக் காட்டுவது அதுதான். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் அந்தப் புளிப்பை முறித்துவிடும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அது அந்த உப்பின் வேலைதான்.

அதற்காக உப்பே இல்லாத தண்ணீரும் உதவாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் எல்லாவற்றையும் வடித்து எடுத்துவிட்டால் டிகாக்‌ஷன் சப்பென்று இருக்கும். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது இந்தியத் தரநிர்ணயம். காபிக்கென்றே ஆராய்ந்தவர்கள் 150 அளவில் இருந்தால் சரி என்கிறார்கள்.

இந்தத் தண்ணீர்க் கதை நம் பக்கத்தில் அடுப்படியோடு முடிவதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன, இன்றும் போடுகின்றன. அவற்றின் கழிவுநீர்தான் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் ஷாப்புகள் இருக்கும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு எடுத்துக் காட்டியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. பாலாற்று ஊற்றுத் தண்ணீரில் போட்ட காபியைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் ஏதோ பழம்பெருமை பேசுவதாக நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் இங்கே இருந்தது.

பொடிக்கு வருவோம். கடைக்குப் போய் “காபித்தூள் குடுங்க” என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் தன் விருப்பத்தைத்தான் கட்டிக் கொடுப்பார். கேட்கத் தெரிய வேண்டும். பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகாவுக்குக் கடைப் பேச்சில் பிளாண்டேஷன் என்று பெயர். பழத்தோடு காயவைத்தது செர்ரி. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக உருண்டையாக ஒன்றே விளைந்தால் அது பீபெரி. அராபிகாவில் மணம் அதிகம். ரொபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம், காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாட்டின் காபியில் பெரும்பகுதி சிக்மகளூர், குடகு என்று கர்நாடக மலைகளில் விளைகிறது. நமக்கு அருகிலேயே ஏற்காட்டில் 1820-களில் பிரிட்டிஷ் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடி இன்றுவரை தோட்டம் தோட்டமாக நிற்கிறது. ஏற்காட்டுக் கொட்டை கிடைத்தால் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

சிக்கரி என்பது காபியே அல்ல, ஒரு கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைவித்து, வறுத்து, அரைத்துக் கலக்கிறார்கள். நிறமும் கெட்டியும் தரும், காஃபீன் கிடையாது. கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அப்படியானால் காபி விலை கொடுத்துப் பாதி வேர் வாங்குகிறோம். பாக்கெட்டில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். என் நாக்குக்கு 15 சதவீதம் போதும். சிக்கரி இல்லாமல் குடித்தால் காபி மாதிரியே இல்லை என்பவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி டப்பா.

எந்தப் பொடியானாலும் நம் ஊர் வெயிலுக்கு நூறு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்க வேண்டாம். அரைத்த நாளிலிருந்தே மணம் போகத் தொடங்கிவிடும்.

ஃபில்டர் விஷயத்தில் கை பழக வேண்டும். இரண்டு பேருக்கு நாலு ஸ்பூன் குவித்துப் போட்டு, பக்கவாட்டில் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். மேலே குடையை வையுங்கள். அழுத்திக் குத்தினால் தண்ணீர் இறங்காது. குடையை வைக்காமல் விட்டால் பொடி மிதந்து, தண்ணீர் நிறம் மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிடும். தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கிச் சிறிது நேரம் கழித்து, பொடி நனைகிற அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றுங்கள். பொடி லேசாக உப்பி, மணம் கிளம்பும். அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றி மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். திறந்து திறந்து பார்ப்பதும், ஸ்பூனால் கிண்டுவதும் கூடாது. டிகாக்‌ஷனில் தூள் இறங்கும். ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவிட்டுத் தேய்த்தால் திறந்துகொள்ளும். இரண்டாம் டிகாக்‌ஷனை முதலாவதோடு கலக்காதீர்கள்.

பாலுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை, ஆவின் பண்ணை சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது. நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. ஃபில்டர் காபிக்குப் பச்சை பொருந்தும் என்பது என் கட்சி. ஆரஞ்சில் பால்தான் முன்னால் நிற்கும், காபி பின்னால் போய்விடும். பாலை ஒருமுறை பொங்கவிட்டு உடனே கலக்க வேண்டும். கலந்த காபியை மறுபடி சுடவைப்பதைவிட அதைக் கீழே கொட்டுவது மேல்.

நெடுஞ்சாலையில் வரிசையாகப் பித்தளை டபராவும் கும்பகோணம் பெயர்ப்பலகையுமாகக் கடைகள் நிற்கின்றன. சிலவற்றில் காபி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? பலகையை விட்டுவிட்டு டிகாக்‌ஷன் பாத்திரத்தைப் பாருங்கள். அது அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்தால் டீ வாங்கிக் குடியுங்கள். தனியாக, மூடி போட்டு இருந்தால் அரைச் சர்க்கரை சொல்லி உட்காருங்கள். சர்க்கரை அதிகமானால் எல்லாக் கடைக் காபியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பொடியையும் பாலையும் தண்ணீரையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது, எது தூக்கியது என்று தெரியாது. வேலையிலும் வீட்டிலும் எதையாவது சரிசெய்யப் புறப்படும்போதும் நான் இப்படித்தான் செய்கிறேன். இன்ஸ்டன்ட் குடிப்பவரையும், டீயே தெய்வம் என்பவரையும் திருத்தப் போகாதீர்கள். நாக்கு அவரவருடையது.

தண்ணீர் மட்டும் அப்படியில்லை, அது எல்லோருடையது. வீட்டில் போர் போட்டிருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அறிக்கை மோசமாக வந்தால் கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போங்கள், பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.