தனி டம்ளர்

2019-இல் வடசென்னையின் குறுக்குத் தெருக்களில் யாராவது மாஸ்க் போட்டுக்கொண்டு நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டிபி. அடுத்த வருடம் ஊரே மாஸ்க் போட்டது, அந்த அர்த்தம் கொஞ்ச நாளைக்குக் காணாமல் போனது. நான் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு ஆய்வுக்காக அலைந்தது அதற்கு முன்னால். டாட்ஸ் சென்டரில் கொடுத்த மாஸ்க்கைத் தெருமுனை வந்ததும் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஏன்க்கா என்று ஒருவரிடம் கேட்டேன். "தெருவுல போட்டா நாளைக்குத் தண்ணி லாரிகிட்ட எவளும் என் பக்கத்துல குடத்தை வைக்க மாட்டா பாப்பா."

என் ஆய்வு, குடும்ப ஆதரவுக்கும் காசநோய் சிகிச்சையை முழுதாக முடிப்பதற்கும் உள்ள தொடர்பு பற்றியது. 60 பேர், ஆளுக்கு 42 கேள்விகள். 27-ஆவது கேள்வி இது: "சிகிச்சைக் காலத்தில் குடும்பத்தினரின் ஆதரவு எப்படி இருந்தது? முழுமையாக / ஓரளவு / இல்லை." மற்ற கேள்விகளெல்லாம் மளமளவென்று போய்விடும். வயது, வருமானம், எத்தனை மாதமாக மாத்திரை, எத்தனை நாள் விட்டுப்போனது. 27 வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரு சின்ன அமைதி வரும். டிவி சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கும்.

ஒரு வீட்டில் மாமியார் மருமகளுக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருந்தார். டம்ளரின் விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு, மாறிவிடக் கூடாதே என்று. டிபி டம்ளரால் பரவாது. இருமும்போதும் பேசும்போதும் காற்றில் வரும் கிருமியால் பரவுவது அது. சரியாக மாத்திரை எடுத்தால் சில வாரங்களிலேயே பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வீட்டில் திறக்க வேண்டியது ஜன்னல். ஆனால் பத்துக்குப் பத்து அறை, ஒரே ஜன்னல், அதையும் பக்கத்து வீட்டுச் சுவர் அடைத்திருந்தது. ஜன்னலுக்கு அந்தம்மாவால் ஒன்றும் செய்ய முடியாது. டம்ளருக்குப் பொட்டு வைக்க முடியும்.

அதே மாமியார்தான் தினமும் கடையில் கடன் சொல்லி முட்டை வாங்கி, அவித்து, உரித்து, அந்தத் தனித் தட்டில் வைத்துக் கொடுத்தார். பேரன் கேட்டாலும் கொடுக்கவில்லை. "இது உங்கம்மா உடம்புக்கு" என்று அவன் கையைத் தட்டிவிட்டதை நானே பார்த்தேன். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? மருமகளைக் கேட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டே, "முழுசான்னு போடு பாப்பா. பக்கத்துலதான நிக்கிது" என்றார். வெளியிலிருந்து மாமியார் குரல்: "எனக்கு எல்லாம் காதுல விழுது." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

காசநோய் ஆராய்ச்சி வீட்டுக்குள் வந்ததற்கு இந்த ஊரே ஒரு காரணம் என்பது எனக்கு அப்போது பெரிய விஷயமாகத் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் சானடோரியம் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, தினமும் அதில் இறங்கி ஏறுகிறவர்கள் பெயரை யோசிப்பதில்லை. நோயாளியை ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் ஓய்வும் உணவும் கிடைக்கும் இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் அந்தக் கால வைத்தியம். 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை சானடோரியத்திலும், மறுபாதியை அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அதுவும் குறைந்த ஓய்வோடு, மோசமான சாப்பாட்டோடு. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் பெரிதாக ஆபத்து கூடவில்லை. சானடோரியங்களின் காலம் உலகம் முழுக்க முடிவுக்கு வந்ததில் சென்னையின் பங்கு பெரியது.

எனக்கு இதில் பெருமை உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவோடு சேர்ந்து ஒரு வேலையும் இடம் மாறியது. சானடோரியத்தில் நர்ஸும் சமையல்காரரும் வார்டு பாயும் செய்ததெல்லாம் வீட்டில் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. நோயாளியும் அந்தப் பெண்ணாகவே இருந்தால்? துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் 27-க்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து வீட்டை ஓட்டுகிறவர், வேலைக்கு நடுவில் ஓடிப்போய் மாத்திரை வாங்கி வருகிறவர், வேலை செய்யும் வீடுகளில் இது தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர். தெரிந்தால் நான்கு வீடும் போய்விடும். அந்தம்மா தலையைத் தூக்காமல், "அது அப்பிடித்தான் சொல்லும். நீ எழுதிக்கோம்மா" என்றார். எழுதிக்கொண்டேன். விதிப்படி, பதில் சொல்பவர் அவர்தானே.

இதையெல்லாம்கூட ஏதோ ஒரு கட்டத்துக்குள் தள்ளிவிடலாம். ஒரு பெண்ணை மட்டும் தள்ள முடியவில்லை.

அவருக்கு வயது இருபத்தைந்துக்குள். கழுத்தில் நெறிக்கட்டி, அதில் டிபி. அந்த வகை மற்றவர்களுக்குப் பரவாது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. தன் பகுதி சென்டருக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறி வேறு சென்டருக்கு வந்தார். "வீட்டுக்கு மட்டும் வராதீங்க, அந்த ஐடி கார்டைக் கழட்டிருங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று சாயங்காலம் பேசினோம். புருஷனுக்கும் மாமியார் வீட்டுக்கும் எதுவும் தெரியாது. காலையில் ஐந்து மணிக்கு வீட்டுக்காரர்கள் தண்ணி மோட்டார் போடும்போதுதான் மாத்திரை அட்டையைப் பிரிப்பார், அந்த அலுமினியத் தாள் சத்தம் கேட்காது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது பொதுக் கக்கூஸ், அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவார். தண்ணீர்ச் செலவுக்காக மாமியாரோடு தினமும் சண்டை. "திமிர் புடிச்சவன்னு பேர் வாங்கிட்டேன் மிஸ். பரவால்ல. அந்தப் பேரோட வாழ்ந்துக்கலாம்."

ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் மாத்திரையை விடவில்லை. என் 60 பேரில் அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் குறைவு. 27-க்கு அவர் கேட்டது: "தெரியவே தெரியாதவங்க எப்படி ஆதரவு தர முடியும்?"

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கைரேகையும் ஒரு சாட்சியும் என்று படிவத்திலேயே வழி இருந்தது. இவருக்கு நன்றாக எழுதத் தெரியும். பயந்தது காகிதத்துக்கு. தன் பெயரும் டிபி என்ற சொல்லும் ஒரே தாளில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் ஆறு மாதமாகப் பார்த்த வேலையே. கையெழுத்துப் போடவில்லை. என் வழிகாட்டி நல்ல மனுஷிதான். "அப்ப அந்த கேஸை விட்டுடு, வேற ஒருத்தரை எடு" என்றார். நெறிமுறைப்படி அது சரி, இன்றைக்கும் அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வேறு ஒருவரை எடுத்தேன். அவர் "முழுமையாக" என்றார். ஆய்வின் முடிவு: குடும்ப ஆதரவு அதிகமுள்ளவர்கள் சிகிச்சையைச் சிறப்பாக முடிக்கிறார்கள்.

1999-இல் வெளியான ஒரு ஆய்வு, இந்த நோய் குடும்பங்களை என்ன செய்கிறது என்று கணக்கெடுத்தது. அதையொட்டிய மதிப்பீடு தேசியத் திட்டத்தின் ஆவணங்களில் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது: ஒவ்வொரு ஆண்டும் 1 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் டிபியால் குடும்பத்திலிருந்து ஒதுக்கப்படுகிறார்கள், 3 லட்சம் குழந்தைகள் பெற்றோரின் டிபியால் பள்ளியை விட்டு நிற்கிறார்கள். அந்த 1 லட்சத்தைப் படிக்கும்போதெல்லாம் பேசின் பிரிட்ஜ் பெஞ்சு நினைவுக்கு வரும். அவர் ஒதுக்கப்படவில்லை, அந்தக் கணக்கில் வரமாட்டார். ஒதுக்கப்படாமல் இருக்க அவர் என்ன விலை கொடுத்தார் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை. என்னுடையதிலும்.

2018-லிருந்து டிபி நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 கடைசியில் அது 1000 ஆனது. பணம் நோயாளிக்கு, ஆனால் வீட்டில் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. 500 ரூபாயில் கேஸ் சிலிண்டரின் பாதி அடங்கிவிடும். (அந்த மாமியார் பேரனின் கையைத் தட்டிவிட்டது அதனால்தான். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்காது.) ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வு இதைக் கொஞ்சம் வேறு மாதிரி அணுகியது. நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். குடும்பத்தாரில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. படித்தபோது எனக்குத் தோன்றியது, இந்த ஆட்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான்.

இப்போது வேலையில் நானே படிவம் தயாரிக்கிறேன். "ஆதரவு" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், "உங்கள் நோய் பற்றி யாரிடமெல்லாம் சொன்னீர்கள்? யாரிடம் சொல்லவில்லை?" என்று கேட்டு நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். கணினியில் ஏற்றும் தம்பி திட்டுகிறான், இதை எப்படிக்கா எண்ணாக மாற்றுவது என்று. போன மாதம் ஒருவர் சொன்னதற்கு நான்கு வரி போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது.

"எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரு அவங்கம்மாகிட்ட சொல்லல. ஆனா அவங்கம்மாவுக்குத் தெரியும். தெரியும்னு எனக்கும் தெரியும். நேத்து மீன் குழம்பு வெச்சப்ப தலையை எனக்கு எடுத்து வெச்சாங்க. ஒண்ணும் பேசல."