மூலத்தைத் திருத்த மறந்தேன்

தமிழாசிரியைக்குக் கணினி நிரலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் பிழை ஒன்றை வீட்டில் சொல்லப் போய், பேச்சு அங்கே சென்று நின்றது.

தொடக்கநிலை மூன்றுக்குரிய பாடக்குறிப்பு ஒன்று பல ஆண்டுகளாக என் கணினியில் உள்ளது. விளக்கம், சொற்கள், வினா, விடை யாவும் அதனுள் அடக்கம். சொல்வதெழுதுதல் பட்டியலையும் விடைத்தாளையும் அதிலிருந்தே பிரித்தெடுப்பேன். அதில் ஒரு சொல் 'எண்ணை' என்று தவறாக இருந்தது. சென்ற ஆண்டே அதைக் கண்டு, அச்சுக்குப் போகும் தாளில் 'எண்ணெய்' என்று திருத்தினேன், பாடக்குறிப்பைத் தொடவில்லை. இவ்வாண்டு மீண்டும் பிரித்தெடுத்தபோது பழைய பிழையும் கூடவே வந்தது.

மாணவி ஒருத்தி 'எண்ணெய்' என்று சரியாக எழுதியிருந்தாள். இரவு பதினொரு மணிக்கு விடைத்தாளை மட்டும் பார்த்துத் திருத்திய நான் அதைத் தவறென்று வட்டமிட்டேன். மறுநாள் தெம்பனிஸ் ஈரச்சந்தையில் அவளுடைய பாட்டியைக் கண்டேன். "டீச்சர், நான் சொல்லிக் கொடுத்தது தப்பா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு நா எழவில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் என் மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அம்மா, இது எங்க ஊர் பிரச்சினை" என்றான். டொனால்டு கனூத் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1984இல் எழுதிய கட்டுரையில், நிரலை மனிதர் படிப்பதற்குரிய கட்டுரையாகவே எழுத வேண்டும் என்றாராம். விளக்கமும் நிரலும் ஒரே ஆவணத்தில் இருக்கும். அதிலிருந்து இயந்திரத்துக்கான நிரலை 'டேங்கிள்' என்னும் கருவி பிரித்தெடுக்கும். படிப்பவருக்கான நூலை 'வீவ்' உருவாக்கும். அவருடைய 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருள் இவ்வாறு எழுதப்பட்டதே.

அவசரத்தில் ஒருவர் பிரித்தெடுத்த கோப்பில் கைவைத்தால், அடுத்த முறை பிரிக்கும்போது அத்திருத்தம் அழிந்துபோகும். அதனால்தான் டேங்கிள் தரும் நிரலை, எவரும் படித்துத் திருத்த மனம் வராதபடி, இடைவெளியின்றி நெருக்கி வைத்தாராம் கனூத்! மூலத்தைத் தொடாமல் மாற்றம் செய்ய விரும்புவோருக்குத் தனியே ஒரு மாற்றக் கோப்பு உண்டு. இக்காலத்து 'ஆர்க் மோட்' திருத்தத்தை மூலத்துக்கே திருப்பி அனுப்பவும் வல்லது. ஆனால் இப்பகுதி இங்கிருந்து வந்தது என்னும் குறிப்பு வரிகள் நிரலில் இருந்தால்தான் அது நடக்கும்.

எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அவருக்கு ஏது டேங்கிள்!

மறுநாளே அச்சிறுமியின் மதிப்பெண்ணை மாற்றி, "உன் விடை சரி, ஆசிரியையின் தாளில்தான் பிழை" என்று அவள் ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். பாடக்குறிப்பையும் திருத்தினேன். பிரித்தெடுக்கும் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் இப்பொழுது பிரித்த நாளும், "இங்கே திருத்த வேண்டா, பாடக்குறிப்பில் திருத்துக" என்னும் வரியும் இருக்கின்றன.

பழைய விடைத்தாளின் படிகளை முன்பு ஆசிரியர் மூவருக்குக் கொடுத்திருந்தேன். இருவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாமவர் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். அவருக்கு இன்றிரவு எழுத வேண்டும்.