16 வீதம் தரும் பங்கா? வாங்க முன் ஆண்டறிக்கையைத் திறப்போம்



வட்டிக்குப் பயந்து நம்மில் பலர் நிலையான வைப்பில் காசு போடுவதில்லை. பணிக்கொடையோ, வெளிநாட்டில் உழைத்ததோ, காணி விற்ற காசோ கைக்கு வந்ததும், ஹலாலாக வருஷா வருஷம் ஏதாவது தருவது எது என்று தேடுகிறோம். கடைசியில் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கிலாபம் கூடிய கம்பனிகளின் பட்டியலில் வந்து நிற்கிறோம். பட்டியலில் மேலே இருப்பதை வாங்கினால் சரி என்ற நினைப்பும் வருகிறது.

கொஞ்சம் பொறுப்போம். அந்த வீதம் எப்படி வருகிறது? 100 ரூபாய்ப் பங்கு 8 ரூபாய் தந்தால் 8 வீதம். அதே பங்கின் விலை 50 ரூபாய்க்கு விழுந்தால் பட்டியல் 16 வீதம் என்று காட்டும். கம்பனி ஒரு சதமும் கூட்டித் தரவில்லை, விலைதான் விழுந்தது. அந்த 8 ரூபாயும் போன வருஷம் தந்தது. வருகிற வருஷத்துக்கு அது வாக்குறுதி அல்ல. ஆகவே வீதம் கூடக் கூட, "விலை ஏன் விழுந்தது?" என்பதுதான் நமது முதல் கேள்வி.

இரண்டாவது, பங்கொன்றுக்கான உழைப்பு. 10 ரூபாய் உழைத்து 5 ரூபாய் தரும் கம்பனிக்கு ஒரு கெட்ட வருஷத்தைத் தாங்க இடமிருக்கிறது. 10 ரூபாய் உழைத்து 11 ரூபாய் தருவது விதை நெல்லைக் குற்றிச் சோறாக்குவது மாதிரி. இந்தப் போகம் வயிறு நிறையும், அடுத்த போகம் வயலில் என்ன விதைப்பது? அந்த உழைப்பு வியாபாரத்தில் வந்ததா, காணியோ கட்டடமோ விற்று ஒரே தடவை வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காசுப் பாய்ச்சல் கூற்று. இலாபம் தாளில் இருக்கலாம், பங்கிலாபம் கொடுக்கக் காசு வேண்டும். தொழிற்பாட்டில் வந்த காசிலிருந்து இயந்திரம், கட்டடத்துக்குப் போனதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பங்காளிகளுக்குப் பிரிக்கக்கூடியது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் பெரிய பெயர், ஓய்வு பெற்றவர்கள் பலர் நம்பியிருந்த பங்கு. 2017இல் அதன் பங்கிலாபச் செலவு வருஷத்துக்குச் சுமார் 8 பில்லியன் டொலர். கைத்தொழில் பிரிவுகளில் எதிர்பார்த்த காசோ சுமார் 7 பில்லியன்தான். அந்த நவம்பரில் காலாண்டுக்கு 24 சதம் என்றிருந்ததை 12 சதமாக்கினார்கள். 2018 அக்டோபரில் 1 சதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

நான்காவது, கடன். 2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. கடனில் ஓடிய கம்பனிக்கு வட்டிச் செலவு முதலில் வரும், பங்கிலாபம் கடைசியில்தான் வரும். ஷரீஆ அளவுகோல்கள் பல, கடன் 30 அல்லது 33 வீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. அது இந்த விஷயத்திலும் நமக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் ஹலால் பட்டியலில் இருப்பதால் மட்டும் பங்கிலாபம் தொடரும் என்று அர்த்தமில்லை. ஒன்று மார்க்கத் தீர்ப்பு, மற்றது கணக்கு. இரண்டையும் பார்ப்பது நம் கடமை.

கடைசியாக, ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காமல் பத்து வருஷத்தைப் பார்ப்போம். 2020இலும் 2022இலும் அந்தக் கம்பனி என்ன கொடுத்தது? அந்த இரண்டு வருஷமும் கடன் வாங்காமல் 5 வீதம் கொடுத்தது, பட்டியலில் மின்னும் 16 வீதத்தை விட நம் வீட்டுச் செலவுக்கு உதவும்.

ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசம். வீட்டில் வணிகம் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து இந்த நான்கு இடத்தையும் பார்ப்போம். அப்படிப் பார்த்த பிறகும் முழுப் பணிக்கொடையையும் ஒரே பங்கில் போட வேண்டாம்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக.