கதவு மூடணும், ஆளை அடிக்கக் கூடாது!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "டோர் குளோசர் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "ஏல, எல்லாரும் காதலப் பத்தி எழுதுதான், நீ கதவப் பத்தி எழுதுதேங்க!" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். சிவில் படிக்கும் நாம் பிளானில் கதவுக்கு ஒரு கால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'டி 1' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கால் வட்டத்தில் கதவு எந்த வேகத்தில் திரும்பி வருகிறது என்று யார் கேட்கிறோம்?

எனக்கு ஊர் முக்கூடல். தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றும் ஊர். எங்கள் ஆச்சியும் வாழ்நாள் முழுக்கப் பீடி சுற்றியவர்தான். பென்ஷன் விஷயமாக ஆச்சி அடிக்கடி போகும் ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாமே) அலுமினியக் கண்ணாடிக் கதவு. தள்ளினால் மலை மாதிரி நிற்கும்; விட்டால் பாய்ந்து வந்து குதிகாலில் அடிக்கும். ஆச்சிக்குத் தோல் உரிந்து ஒரு வாரம் மஞ்சள் பற்றுப் போட்டோம். அங்கே இருந்தவர்கள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? ஒரு செங்கல்! அதை முட்டுக் கொடுத்து நாள் முழுக்கக் கதவைத் திறந்தே வைத்துவிட்டார்கள்.

இந்தச் செங்கல்தான் என்னை யோசிக்க வைத்தது. மண்டபம், மருத்துவமனை, விடுதி, எங்கே போனாலும் படிக்கட்டுக் கதவுக்கு ஒரு செங்கல்லோ, கயிறோ, மடித்த அட்டையோ இருக்கும். சாதாரண அறைக் கதவென்றால் போகட்டும். படிக்கட்டுக்கு வைக்கும் ஃபயர் டோர் அப்படியல்ல. அது தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, நான்காம் பகுதி. ஏன் இந்தக் கண்டிப்பு?

2022 ஜனவரி 9. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு. கீழ் மாடி வீடு ஒன்றில் மின்சார ஹீட்டரால் தீப்பிடித்தது. வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவந்தார்கள். தானாக மூட வேண்டிய வாசல் கதவு மூடவில்லை. 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்தே கிடந்தது. தீ அந்த வீட்டையும் வெளி நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் புகை படிக்கட்டு வழியே புகைபோக்கி மாதிரி மேலே ஏறியது. செத்தவர்கள் 17 பேர், அதில் 8 பேர் குழந்தைகள். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். அங்கேயும் பல வீட்டுக் கதவுகளில் குளோசர் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. நம் நாட்டில் 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் மூச்சுத் திணறி 59 பேர் இறந்தது வேறு வகை: அங்கே வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. ஆக, மனுசனுக்குச் சாவியில்லாமல் திறக்க வேண்டும், புகைக்கு மூட வேண்டும். ஒரே கதவுக்கு இரண்டு வேலை.

அதற்குள்ளே இருக்கும் சாமான் ஒன்றும் பெரிய மாயமில்லை. கதவைத் திறக்கும்போது கைப்பிடித் தண்டு ஒரு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அது பிஸ்டனைத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்குகிறது. நாம் விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. வழியில் இருக்கும் எண்ணெய் சின்னத் துவாரம் வழியாகத்தான் போயாக வேண்டும். துவாரத்தை அடைக்கும் ஸ்க்ரூதான் வேகத்தை முடிவு செய்கிறது. மூடும் பலம் ஸ்பிரிங்கின் வேலை, மூடும் வேகம் எண்ணெயின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் எல்லா வம்பும்!

விடுமுறையில் திருநெல்வேலியில் ஒரு வணிக வளாக சைட்டுக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஃபிட்டர் அண்ணாச்சி ஒருவர். "அண்ணாச்சி, கதவு சரியா மூடல, ஸ்க்ரூவ இன்னும் முறுக்கட்டுமா?" என்றேன். "பொறு தம்பி, மொதல்ல அந்தக் கையக் கழத்து" என்றார். தண்டைக் கழற்றிவிட்டுக் கதவை வெறும் கையால் ஆட்டிப் பார்த்தார். கீல் இறங்கித் தரையில் உரசியது. "பாத்தியா? கீலுக்கு வைத்தியம் பாக்காம குளோசரப் போட்டுத் திருகுனா அது என்ன செய்யும், பாவம்!"

கீலைச் சரி செய்த பிறகுதான் ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூ பெரிய வீச்சுக்கு. இரண்டாவது, நிலையைத் தொடும் கடைசிச் சில டிகிரிக்கு, தாழ் விழுவதற்காக. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. முழுக்கக் கழற்றினால் எண்ணெய் பீச்சியடிக்கும். அத்தோடு குளோசர் குப்பைக்குத்தான். வெயிலில் எண்ணெய் இளகிக் கதவு வேகமாகும். ஆடிக் காற்றில் மேற்கே பார்த்த கதவு வேறு பேச்சுப் பேசும். அதனால் ஒரு தடவை வைத்ததோடு விட முடியாது என்பார் அண்ணாச்சி.

தேர்ந்தெடுப்பது நம் வேலை. குளோசருக்கு ஐ.எஸ். 3564, ஃப்ளோர் ஸ்பிரிங்குக்கு ஐ.எஸ். 6315. ஐரோப்பிய ஈ.என். 1154 அளவுப்படி 950 மி.மீ. அகலம், 60 கிலோ வரைக்கும் 3ஆம் நம்பர், 1100 மி.மீ., 80 கிலோவுக்கு 4ஆம் நம்பர். ஃபயர் டோருக்கு 3க்குக் கீழே ஆகாது. நம் விதிப்படி வெளியேறும் வாசல் 1000 மி.மீ. குறையக் கூடாதே, அப்படியானால் பலகை 950ஐத் தாண்டும், 4ஆம் நம்பர்தான். எஸ்டிமேட்டில் 'குளோசர், 1 எண்' என்று மட்டும் எழுதினால் கான்ட்ராக்டர் கடையில் எது மலிவோ அதுதான் வரும்.

ஆனால் நம்பர் ஏற ஏற ஆச்சிக்குக் கஷ்டம். அமெரிக்க அணுகல் விதி, உள்கதவைத் தள்ள 5 பவுண்டு, அதாவது சுமார் இரண்டேகால் கிலோ விசைக்கு மேல் கூடாது என்கிறது. 90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வர 5 விநாடியாவது ஆக வேண்டும் என்கிறது. ஃபயர் டோருக்கு அந்த விசை வரம்பு இல்லை, காரணம் மேலே பார்த்தோம். அதற்காக எல்லாக் கதவுக்கும் ஃபயர் டோர் குளோசரை மாட்டுவது நியாயமா? ஆச்சியை அடித்த கதவு தீத் தடுப்புக் கதவே இல்லை, ஏ.சி. வெளியே போகாமல் இருக்க வைத்தது! அதற்கு ஸ்பிரிங்கைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தால் போதும், செங்கல்லுக்கு வேலையில்லை. ஆள் நடமாட்டத்துக்காகத் திறந்தே வைக்க வேண்டிய ஃபயர் டோர் என்றால் மின்காந்தப் பிடிப்பு இருக்கிறது. அலாரம் அடித்தால் மின்சாரம் நின்று கதவைத் தானே விட்டுவிடும். காசு கூடத்தான்.

அடுத்த தடவை ஏதாவது படிக்கட்டுக் கதவருகே போனால், அகலத் திறந்து விட்டுப் பார்க்காதீர்கள். அப்போது வேகத்திலேயே எந்தக் கதவும் மூடிவிடும். ஒரு சாண் மட்டும் திறந்து, மெதுவாகக் கையை எடுங்கள். தாழ் 'டக்'கென்று விழுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.