கடைசி எழுத்து

2022-ஆம் ஆண்டு இறுதியில், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அந்த அம்மா என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். வயது 74. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். டெல்லியில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் தனியாகச் சென்னைக்குத் திரும்பியிருந்தார்.

மகன் பொறுப்பானவர். கால் நீட்ட இடம் வேண்டுமென்று கூடுதல் பணம் கட்டி முன்வரிசை இருக்கை எடுத்திருந்தார். சக்கர நாற்காலிக்கும் பதிவு செய்திருந்தார். டெல்லியில் குறையொன்றுமில்லை. சென்னையில் விமானம் முனையத்தை விட்டுத் தள்ளி நின்றது. இணைப்புப் பாலம் கிடையாது, ஏணிப்படி மட்டுமே. முன்வரிசையில் இருந்த அம்மா, மற்ற எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார். “வீல்சேர் கீழே நிக்குது, மெதுவா இறங்கிடுங்கம்மா” என்றார்கள் விமானப் பணியாளர்கள். “என்னால முடியாதும்மா” என்று சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கியவர், நான்காம் படியில் கால் மடங்கி விழுந்தார்.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தேன். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்ததால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

விமான நிறுவனத்தின் பதிலுரை என்னைத் திகைக்க வைத்தது. சக்கர நாற்காலி உதவியில் மூன்று வகை உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறி இறங்குவார்; நெடுந்தூரம் நடக்க மட்டும் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற இறங்க முடியாது. விமானத்துக்குள் இருக்கைவரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பின்னிரண்டு வகையினரைத் தள்ளி நிற்கும் விமானத்திலிருந்து இறக்க ஆம்புலிஃப்ட் என்ற தூக்கு வண்டி வரவேண்டும். இந்த அம்மாவின் பதிவில் இருந்த கடைசி எழுத்து ஆர். “கேட்டதைக் கொடுத்தோம்” என்றது நிறுவனம். காகிதத்தில் அது சரிதான்.

அந்த அம்மாவுக்கு அதை விளக்கினேன். “தம்பி, அந்தப் படியில எறங்க முடியும்னா நான் எதுக்கு வண்டி கேக்கப்போறேன்?” என்றார். என் வாதத்துக்கு அதுவே அடித்தளம் ஆனது.

மகனின் கைப்பேசியைப் பார்த்தோம். பயணத்துக்கு மூன்று நாள் முன்பு வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசிய பதிவு இருந்தது. “அம்மாவுக்குப் படி இறங்க வராது என்று சொன்னேன்” என்று வாக்குமூலத்தில் எழுதினார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி மனுப் போட்டேன். பல வாய்தாக்களுக்குப் பிறகு, பாதுகாக்கப்படவில்லை என்று பதில் வந்தது. ஆனால் அம்மா விழுந்த இரண்டாவது வாரத்திலேயே எங்கள் வக்கீல் நோட்டீஸ் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கையில் இருக்க வேண்டிய சான்றைக் காட்டாதவருக்கு எதிராக அனுமானிக்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய நெறி.

ஆணையம் இரண்டு விஷயங்களைத் தீர்ப்பில் சொன்னது. எந்த வகை உதவி தேவை என்று கேட்டுப் பதிவது அந்த எழுத்தின் பொருள் தெரிந்த நிறுவனத்தின் வேலை. எந்த எழுத்து பதிவாகியிருந்தாலும், முடியாது என்று கதவருகில் ஒரு மூதாட்டி சொன்ன பிறகு இறங்கச் சொன்னது சேவைக் குறைபாடு. மருத்துவச் செலவும் இழப்பீடும் வழக்குச் செலவும் கிடைத்தன. கேட்டதில் பாதிக்கும் குறைவு. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை.

2024 பிப்ரவரியில் மும்பையில், சக்கர நாற்காலி தன் மனைவிக்கு மட்டும் கிடைத்ததால் கூடவே நடந்த 80 வயதுப் பயணி ஒருவர் சரிந்து விழுந்து இறந்தார். அந்த விமான நிறுவனத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. செய்தியைப் படித்த அன்று அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பெற்றோரை விமானம் ஏற்றிவிடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீல்சேர் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். படி ஏற முடியுமா, முடியாதா என்பதைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே மின்னஞ்சலில் எழுதுங்கள். பதிவில் எந்த எழுத்து இருக்கிறதென்று கேட்டு, பதிலை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள்.