திருச்சானூரில் நிற்கும் வண்டி

திருப்பதிக்குச் செல்லும் காலை பாசஞ்சர் திருச்சானூரில் நிற்கிறது. அட்டவணையில் அதற்குக் கிடைத்திருப்பது மிகச் சிறிய நிறுத்தம். திருப்பதியில் நடைமேடை காலியாகாத நாளில் அச்சிறு நிறுத்தம் கால் மணி நேரமாக நீளும். பெட்டிக்குள் ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்குச் சன்னல் வழியே திருமலை தெரியும், கல்லூரியின் முதல் மணி அடிக்கும் நேரமும் தெரியும்.

புத்தூரிலிருந்து அவ்வண்டியில் வரும் புள்ளியியல் ஆய்வு மாணவி ஒருவர், நின்றுகொண்டே எண்ணிப் பழகியவர். கட்டுப் போட்ட கையோடு புத்தூரில் ஏறுவோர் எத்தனை பேர் என்பதுகூட அவருடைய குறிப்பேட்டில் உண்டு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊரல்லவா! அவர் எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் அதே பெட்டியில் வரும் ஓர் இளங்கலை முதலாண்டு மாணவி. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அம்மாணவி தவறவிடுவதெல்லாம் முதல் பாடவேளை மட்டுமே, ஆனால் வாரத்தில் மூன்று நாள்.

கூட்டத்திற்குக் காரணம் கேட்டால் மக்கள்தொகை என்றே பெரும்பாலோர் சொல்வர். ஆய்வாளருக்கு அவ்விடை போதவில்லை, ஏனெனில் அதே ஊர்களிலிருந்து அதே பாதையில் முன்னதாகச் செல்லும் வண்டியில் படுத்துக்கொண்டே போகலாம்.

பாடநூல் ஒரு விடை தருகிறது. ஒரு மணி நேரத்தில் இரு வண்டிகள். இடைவெளி முறையே 10 நிமிடம், 50 நிமிடம். நிமிடத்திற்கு ஒருவர் வீதம் நிலையத்திற்கு வந்தால் ஒரு வண்டியில் 10 பேர், மற்றதில் 50 பேர். சராசரி 30 என்று நிர்வாகம் எழுதும். அதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அறுபது பேரில் ஐம்பது பேர் நெரிசல் வண்டியிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு பயணியிடமும் ‘உங்கள் வண்டியில் எத்தனை பேர்?’ என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 43க்கு மேல் வரும். காத்திருப்பும் அப்படித்தான்: சீரான அரைமணி இடைவெளியில் சராசரி 15 நிமிடம், இங்கே 21 நிமிடத்திற்கும் அதிகம். வண்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை, நேரம் மட்டுமே மாறியது. தாமதமான வண்டிக்கு மேலும் ஆள் சேரும், ஏறி இறங்க மேலும் நேரமாகும், அதனால் மேலும் தாமதமாகும். நியூவெலும் பாட்ஸும் 1964இல் பேருந்துகளை வைத்து எழுதிக்காட்டிய கணக்கு இது.

சென்னைப் புறநகர் மின்வண்டிகளுக்கு இது பொருந்தும். அங்கே பலர் அட்டவணை பாராமலே நிலையத்திற்கு வருகிறார்கள். புத்தூரில் பொருந்தாது என்பதை ஆய்வாளர் சில வாரங்களிலேயே கண்டுகொண்டார். நாளுக்குச் சில வண்டிகளே நிற்கும் ஊரில் எவரும் தற்செயலாக நடைமேடைக்கு வருவதில்லை. இங்கு இடைவெளியை அளக்க வேண்டியது வண்டிகளுக்கிடையே அன்று, பயன்படும் வண்டிகளுக்கிடையே. 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், மருத்துவமனைகள், அலுவலகங்கள், கடைகள் என எல்லாக் கதவுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறக்கின்றன. அதற்குச் சற்று முன் சென்று சேரும் வண்டி ஒன்றே. முந்தையதில் ஏற விடியுமுன் எழ வேண்டும். சென்னையிலிருந்து வரும் சப்தகிரி எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டிகள் வழியிலேயே நிரம்பிவிடும். முன்பதிவுப் பெட்டியில் சீசன் டிக்கெட் செல்லாது. பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரத்தில் நீராடத் திருச்சானூருக்கு வரும் கூட்டமும் சேர்ந்துகொண்டால் கணக்கே வேண்டாம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருநாள். அன்று கூட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். மற்ற நாள்களின் கூட்டத்திற்குத்தான் பேசுவாரில்லை.

2020இல் ஊரடங்கோடு நின்ற பாசஞ்சர் வண்டிகள் பல, பின்னர் எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டி என்ற பெயரில் திரும்பின. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பதானது. 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் பத்துக்கு இறங்கியது. அதே காலத்தில், ஐஐடி பம்பாயின் உதவியோடு நாடு முழுவதற்குமான அட்டவணை அடியிலிருந்து புதிதாக வரையப்பட்டது. பராமரிப்புக்குத் தண்டவாளத்தை விடுவிப்பதும், ஆள் குறைவான நிறுத்தங்களை நீக்குவதும் அதன் நோக்கங்களுள் அடங்கும். நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் ஒரு நிறுத்தத்தில் ஆள் குறைவாக இருப்பது ஊர் சிறியது என்பதாலா, வண்டி வரும் நேரம் எவருக்கும் உதவாது என்பதாலா? விற்ற பயணச்சீட்டைக் கொண்டு இதை அறிய முடியாது. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இக்கேள்வியில்தான் நின்றுகொண்டிருக்கிறது. திருப்பதியின் நெருக்கடியைக் குறைக்கவே திருச்சானூர் நிலையம் விரிவாக்கப்பட்டது. இறங்கியபின் வளாகத்திற்குச் செல்லும் ஷேர் ஆட்டோவின் நேரமும் கூலியும் எந்த ரயில் அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

முதல் பாடவேளையை அரைமணி தள்ளிவைக்குமாறு அம்மாணவி கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்தாள். ஆய்வாளர் தம் எண்ணிக்கையை ஒரு தாளில் வரைபடமாக்கி அதனுடன் இணைத்தார். வண்டியின் நேரத்தை மாற்ற ரயில்வேக்கு எழுதும்படி விடை வந்தது. பருவ இறுதியில் அவளுடைய வருகை 73 விழுக்காடு. தண்டக் கட்டணம் கட்டித் தேர்வெழுதினாள்.

“அக்கா, நாளையிலிருந்து முன்வண்டி,” என்றாள் அடுத்த பருவத் தொடக்கத்தில்.

இப்போது அவள் கல்லூரி வாயில் திறக்கும்வரை திண்ணையில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள். குறிப்பேட்டில் பின்வண்டிக்கு ஒருவர் குறைந்திருக்கிறார்.